காலை டப்பா

"ராத்திரிதானே போடறாரு?" என்று கேட்டாள் அந்த சிஸ்டர். கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட, கையிலிருந்த சீட்டுகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான்தான் இன்னும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறேன், அதைச் சுமந்துகொண்டே மருந்து வாங்குகிற வரிசைக்கும் வந்துவிட்டேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். ராத்திரிதானே. எந்த ராத்திரி, சோறு தின்றபிறகா, படுக்கும்போதா, தினமுமா? நான் அதைக் காலையில் அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தேன். இட்லி தின்று கை கழுவி வந்ததும் சத்து மாத்திரை ஒன்று, வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்று, அதோடு இந்த நீல மாத்திரை, ஒரு டம்ளர் வெந்நீர். நானே உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டு அண்ணாந்து விழுங்கிவிட்டு அவர் போர்வெல் ரிக் ஆபீசுக்குப் போய்விடுவார். காலையில் போட்டால் என்ன, மருந்து உள்ளே போனால் சரிதானே, ராத்திரி வரைக்கும் உடம்புக்குள்தானே கிடக்கும் என்று மனசு ஒருபக்கம் சொல்கிறது. அப்படியென்றால் சிஸ்டர் ஏன் ராத்திரி என்றாள். ரெண்டு பேரும் எப்படியிருக்கீங்க என்றுதான் முதலில் கேட்டாள், ரத்தம் எடுக்கிற அறைக்கு அவர் போயிருந்த நேரம் பார்த்து. "ஒண்ணும் பிரயோசனமில்லைங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. டப்பா வைத்ததும் நான்தான், எதை எந்த டப்பாவில் போடுவது என்று முடிவு செய்ததும் நான்தான். மிட்டாய் வந்த தகர டப்பா மூன்று, காலைக்குப் பச்சை மூடி, மத்தியானத்துக்கு மஞ்சள், ராத்திரிக்குச் சிவப்பு. இந்த ஆஸ்பத்திரியில் கவர்மேல் ஒன்று, சைபர், ஒன்று என்று போட்டுக் கொடுப்பார்கள், ஆறாவதோடு நின்றவளுக்கு அது போதும், ஒருநாளும் தப்பினதில்லை. நீல மாத்திரைக் கவரில் மட்டும் எண் இல்லை. எஸ், ஓ, எஸ் என்று மூன்று எழுத்து. எழுத்து தெரிந்தது, அது என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கிற இடமா இது. மருந்து கொடுக்கிற கண்ணாடியில் ஓட்டையை இடுப்பு உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள், குனிந்து தலையைச் சாய்த்துக் கத்தினால்தான் உள்ளே கேட்கும், உள்ளே இருப்பவரும் திருப்பிக் கத்துவார், வரிசை மொத்தமும் இன்னாருக்கு இன்ன வியாதி என்று தெரிந்துகொள்ளும். அஞ்சு மாசத்துக்கு முன்னால் முதல்தடவை வாங்கினபோது, "இது யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா? ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், தெரியுமில்ல?" என்று உள்ளே இருந்தவர் கத்தினார். பின்னால் நின்ற ஆள் ஒருத்தன் தொண்டையைச் செருமினான். போதும், காது அடைத்துவிட்டது. தெரியுங்க தெரியுங்க என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் என்றால் வேலைக்குப் போகிறதற்கு முன்னால் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதற்கு முன்னால் என்று நினைத்துப் பார்க்கக்கூட என் மனசுக்குக் கூச்சம், எனக்குத் தெரியாமலேயே அது தலையைத் திருப்பிக்கொண்டுவிட்டது.

வரிசை ஒரு எட்டு நகர்கிறது. அவர் அந்தப் பக்கம் தூணுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், தாரிகா அவர் மடியில் தலைவைத்துக் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். நாலு வயசுப் பிள்ளை, அவள் மட்டும்தான் இப்போது அவரைத் தொடுகிறவள். மருந்து வாங்க என்னைத்தான் அனுப்புவார், கால் நோவுது நீயே போய் வாங்கிட்டு வா என்பார், கால் நோகாது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் அறைக்குள் அவர், அவர் மட்டும், நான் வெளியே பிள்ளையோடு. என்ன சொன்னாருங்க என்று கேட்டால், "எல்லாம் நல்லாருக்குதாமா." அவ்வளவுதான். எல்லாம் நல்லாயிருக்கிறது. கட்டி திரும்பவில்லை, ரத்தம் சுத்தமாக இருக்கிறது, முப்பத்துநாலு வயசுக்குத் தக்க எடை ஏறிவிட்டது. ஊரே சொல்கிறது, செங்கோட்டுவேல் பொழச்சு வந்துட்டான், மோகனா தாலி கெட்டி என்று. கெட்டிதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறேன் என்று யாரிடம் சொல்ல. கல்யாணமாகி ஆறு வருசம், அதில் அவர் ஊரில் இருந்ததே மழைக்காலத்துக்குத்தான். போர் போடுகிற வண்டி சத்தீஸ்கர், மத்தியப்பிரதேசம் என்று போய்விடும், அங்கே மழை பிடித்தால் பூமி சேறாகி வண்டி நின்றுவிடும், அப்போது திருச்செங்கோட்டுக்குத் திரும்பி வருவார்கள். ஊருலகத்தில் எல்லாரும் மழை வேண்டும் என்று விளைச்சலுக்குக் கேட்பார்கள், நான் எங்கேயோ பார்க்காத ஊரில் மழை பெய்யட்டும் என்று கேட்டிருக்கிறேன். வந்து இறங்கும்போது உடம்பெல்லாம் கல்தூள் வாசம், குளித்தாலும் போகாது, இரும்பும் மண்ணும் கலந்தாற்போல. "என்ன அம்மிணி, ஆளையே அடையாளம் தெரியலையா?" என்று வாசலில் நின்று கேட்பார். அந்த மூன்று மாசமும் வெட்கத்துக்கு நேரமில்லாமல் போய்விடும். இப்போது எந்நேரமும் ஊரிலேயே இருக்கிறார். ரிக் ஆபீசில் உட்கார்ந்து உதிரிச்சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை, பொழுதோடு வீடு. கேட்டது கிடைத்துவிட்டது. அம்மிணி என்ற சொல்தான் எங்கேயோ போய்விட்டது. இப்போது "இங்க பாரு" என்கிறார்.

"உன் வீட்டுக்காரருக்கு எங்கம்மா?" என்கிறாள் முன்னால் நிற்கிறவள், மஞ்சள் சேலை, ஆத்தூர்ப் பக்கமாம். "குடல்லங்க" என்கிறேன். மலக்குடல் என்று சொல்ல வாய் வருவதில்லை, பாதியை விழுங்கிவிடுவேன். "எங்காளுக்குத் தொண்டை. இருவது வருசமா என்னை வைஞ்ச வாயி. இப்பப் பேச்சு வராது, சிலேட்டுல எழுதிக் காட்டி வையறாரு. நான் கண்ணாடி போடலைன்னுட்டு அக்கட்டால போயிருவேன்." அவளே சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். இவளுக்கு எழுதிக் காட்டுகிற அளவுக்காவது ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. ரத்தமாகப் போனபோது மூலச்சூடு என்றார், வண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது என்றார், ஒரு வருசம் மூலத்துக்குப் பொடி தின்றார், பிறகுதான் இங்கே வந்தோம். ஆப்பரேசனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும்போது டாக்டர், அந்தப் பக்கத்து நரம்பில் படலாம், ரேடியேசன் கரண்டு வேறு வைக்கிறோம், பிற்பாடு கொஞ்சம் சிரமம் இருக்கலாம் என்றார். என்ன சிரமம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உயிரோடு வந்தால் போதும் என்று நின்றோம். வயிற்றில் ஓட்டை போட்டு எட்டு மாசம் பை. மலம் அதில்தான் இறங்கும். நான்தான் கழற்றுவேன், கழுவுவேன், தோலைத் துடைத்துப் பவுடர் போட்டுத் திரும்ப ஒட்டுவேன். அதற்கு எனக்குக் கூச்சமே இல்லை, முதல் நாளிலிருந்து இல்லை. அது நோய். நோய்க்குக் கூச்சப்படக் கூடாது என்று சிஸ்டர் சொன்னாள், டாக்டர் சொன்னார், சுவரில்கூட எழுதி ஒட்டியிருந்தது. இது நோயா இல்லையா என்றுதான் யாரும் சொல்லவில்லை, சுவரிலும் இல்லை. பையை எடுத்து வயிற்றைத் தைத்தபிறகு ஒருநாள் அவராகத்தான் பக்கத்தில் வந்தார். என் கழுத்தில் அவர் மூச்சுப் பட்டது, ஒன்றரை வருசத்துக்குப் பிறகு. கொஞ்ச நேரம். பிறகு எழுந்து உட்கார்ந்து, "லைட்டப் போடு, தண்ணி தவிக்குது" என்றார். போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். பரவாயில்லைங்க என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏதோ ஒன்று ஆகிவிட்டது என்று நானே சொன்னதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ. மறுநாளிலிருந்து அவர் பாய் கதவோரம் போய்விட்டது. தெரியாமல் கை பட்டால்கூடச் சுட்டுக்கொண்டமாதிரி இழுத்துக்கொள்கிறார். எனக்கு அதுதான் வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன். வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன், பொய்யாகிவிடும், இருபத்தாறு வயசு உடம்பு கல்லா. ஆனால் அது ஒன்றுதானா. தலை காய்கிறதா என்று முடியைத் தொட்டுப் பார்ப்பார் முன்பெல்லாம், கரண்டியை வாங்கி என் கையிலிருந்தே உப்புப் பார்ப்பார். அந்த நரம்பையுமா அறுத்துவிட்டார்கள்.

மாத்திரை வந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காலையில் கொடுத்துவிட்டு அன்றைக்குப் பொழுதோடு பூ வாங்கி வைத்துக்கொண்டேன், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் வரும்போது தலைவலி, மூக்கடைப்பு, கண் எரிச்சல், சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். ஆபீசில் முகம் செவந்து உட்கார்ந்திருந்தாராம், "என்ன மாப்ள, காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்று கேட்டார்களாம். வெயில் என்றேன் நான். மோர் கரைத்துக் கொடுத்தேன். நான்தான் அதைக் கொடுத்திருக்கிறேன், அய்யோ, ஆயில் நாற்றத்திலும் போல்ட்டு நட்டுக்கு நடுவிலும் போய் உட்கார்கிற மனுசனுக்கு, காலை ஒன்பது மணிக்கு. பத்துப் பத்தாக மூன்று தடவை. தீர்ந்ததும் அவரே சொன்னார், "இது நமக்குக் கேக்காது போலிருக்குது" என்று, சட்டையை மடித்துக்கொண்டே, நாலாவது தடவை வாங்கவேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான் முந்தாநாள் அந்தப் பேச்சு. பிள்ளை விளையாடப் போயிருந்தாள். "இங்க பாரு. தாரிகாளக் கூட்டிக்கிட்டு உங்கூட்டுக்குப் போயிரு. உனக்கு வயசு கெடக்குது. நான் உன்ற அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை வாராங்க." சாம்பாரில் உப்புக் குறைச்சல் என்பதுபோலச் சொன்னார். நான் என்ன பண்ணினேனுங்க என்றேன். "நீ ஒண்ணும் பண்ணலை" என்றார். அண்ணனுக்குக் காரணம் தெரியாது, ஏதோ சண்டை என்று நினைத்து அண்ணி கேட்கிறாள், "மாமியாக்காரி ஏதாச்சும் சொன்னாளா?" சொல்கிறாள்தான், வாரத்துக்கு ஒருதரம் வந்து சொல்லிவிட்டுத்தான் போகிறாள். "எம்பையன் செத்துப் பொழச்சு வந்திருக்கறான், ரெண்டாவதுக்கு ஒரு பையனைப் பெத்துக் குடுக்க உனக்கு மனசு வரலை. மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா ஆம்பளைக்கு எப்படி ஆசை வரும்?" அவர் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் சட்டுவத்தைத் திருப்பித் திருப்பித் தோசையைக் கருக்கினேன். மூஞ்சிக்காரி என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அவர் பெயர் கெடவேண்டாம் என்று இருந்தேனே. இன்றைக்குச் செவ்வாய். டாக்டர் மறுபடியும் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார், சீட்டில் அந்த மூன்று எழுத்து இருக்கிறது, சிஸ்டர் ராத்திரி என்றாள். தப்பு என்னுடையது என்றால், அப்படியானால் அவர் உடம்பில் தப்பில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேலையில்லை. என் தப்பாகவே இருக்கட்டும், என் தப்பாக மட்டும் இருக்கவேண்டும். இப்படியொரு வேண்டுதல் யாராவது வேண்டியிருப்பார்களா. கேட்டால்தான் தெரியும். கேட்கவேண்டும். பின்னால் நிற்கிற பெரியவர் எக்ஸ்ரே கவரை என் முதுகில் இடித்துக்கொண்டே இருக்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு இருபது பேர். மஞ்சள் சேலைக்காரி மருந்தை வாங்கிக்கொண்டு, "வாரேன் கண்ணு, நல்லாருங்க" என்று நகர்ந்தவள், சில்லறையைப் பையில் போடுவதற்காக அங்கேயே நின்றுவிட்டாள். போய்விட்டால் நன்றாயிருக்கும். போகமாட்டேன் என்கிறாள்.

குனிகிறேன். சீட்டை உள்ளே தள்ளுகிறேன். சத்து மாத்திரை வருகிறது, எரிச்சல் மாத்திரை வருகிறது, கடைசியாக அந்தக் கவர். அதை எடுக்காமல் கையை அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். "இது எப்பங்க போடோணும்?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அடுத்து" என்கிறார் உள்ளே இருப்பவர். "ஏனுங்க, இந்த மாத்திரை எப்பப் போடோணுமுங்க?" "கவர்லயே எழுதியிருக்குதேம்மா, எஸ்.ஓ.எஸ்." "அப்படீன்னா?" "தேவைப்படறப்ப." "தேவைப்படறப்பன்னா எப்பங்க?" இப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, என்மேல் இரக்கப்பட்டுத்தான், குரலைத் தாழ்த்தி என்னமோ சொல்கிறார். உதடு அசைகிறது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடலாம், காது சுடுகிறது, ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து நிற்பார், பிள்ளையின் துணிமணியைப் பையில் அடுக்கவேண்டும். "சத்தமாச் சொல்லுங்க. கேக்கலைங்க" என்கிறேன். நானா சொன்னேன். பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அவர் சொல்கிறார், சத்தமாக, பாடம் படிக்கிறமாதிரி: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்திருக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போடக் கூடாது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். மாத்திரை தானா ஒண்ணும் பண்ணாதும்மா, பக்கத்துல நீங்க இருக்கணும். ஒரு தடவை கேக்கலைன்னா உட்டுரக் கூடாது, நரம்பு திரும்ப நாளாகும். நெஞ்சுவலிக்கு ஏதாச்சும் மாத்திரை போடறாரா?" "இல்லைங்க." "வெறுமனே காலைல போட்டா முகம் எரியும், தலை வலிக்கும், அவ்வளவுதான்." அவ்வளவுதானுங்க, ஆமாம், அதேதானுங்க ஆச்சு. நிமிர்கிறேன். ஒருத்தரும் செத்துப்போகவில்லை. எக்ஸ்ரே பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மஞ்சள் சேலைக்காரி என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போகிறாள். சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. காலையில் போட்டால் அவ்வளவுதான், அவர் உடம்பை இன்னும் கேட்டுப் பார்க்கவே இல்லை, நான்தான் கேட்காமல் கெடுத்தேன். நடக்கிறேன், கிட்டத்தட்ட ஓடுகிறேன்.

தாரிகா தூங்கிவிட்டாள். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, என்ற தப்புங்க" என்கிறேன். "அந்த மாத்திரைய ராத்திரிதான் போடோணுமாமா, நாமொண்ணா இருக்கறதுக்கு முன்னாடி. நாந்தான் தெரியாம காலை டப்பாவுல போட்டுட்டேன்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். வைவார் என்று நினைத்தேன், வைதால் வாங்கிக்கொள்ளலாம். அவர் பிள்ளையின் காலிலிருந்து செருப்பைக் கழற்றிக் கீழே வைக்கிறார். "தெரியும்" என்கிறார். "இப்ப டாக்டரு சொன்னாருங்களா?" "மொதத் தடவையே சொன்னாரு. கவர்லயுந்தான் போட்டிருக்குதே." ஐ.டி.ஐ. படித்தவர், எனக்கு அது மறந்தே போய்விட்டது. "அப்பறம் ஏனுங்க காலைல முழுங்கினீங்க?" "நீ குடுத்த." நான் எழுந்திருக்கவில்லை என்று பார்த்ததும், பிள்ளையின் தலைக்குமேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்கிறார், "ராத்திரி போட்டு, அப்பவும் ஒண்ணுமில்லைன்னு வெச்சுக்க. அதுக்கப்பறம் போறதுக்கு எங்க இருக்குது? காலைல போட்டா மாத்திரை கேக்கலைன்னு இருந்துக்கலாம்." இருந்துக்கலாம். முப்பது நாள் என் கையிலிருந்து எடுத்திருக்கிறார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார், நான் அந்தப் பக்கம் போய்ப் பூ வாங்கியிருக்கிறேன். ஒரு ராத்திரி தோற்றுப்போவதைவிட என்னை அனுப்பிவிடுவது அவருக்கு லேசாகப் பட்டிருக்கிறது. என் தப்பு என்று சுமந்துகொண்டு வந்தேனே, அதைக்கூட இவர் எனக்கு மிச்சம் வைக்கவில்லை. பையைக் கழுவினபோது வராத அருவருப்பு இப்போது வருகிறது, வந்த அடுத்த நிமிசம், கழற்றின செருப்பை அவர் திரும்பப் பிள்ளையின் காலில் மாட்டிக்கொண்டிருப்பதும் கண்ணில் படுகிறது. பார்க்காமல் இருந்திருக்கலாம். "எங்கண்ணனுக்குப் போன் போடுங்க" என்கிறேன். "இப்பவா, எதுக்கு?" "நீங்கதான வரச் சொன்னீங்க. எதுக்கு வரச் சொன்னீங்கன்னு அவியளுக்குச் சொல்லுங்க, நானும் பக்கத்துலருந்து கேக்கறேன்." "இத்தனை பேர் இருக்கற எடத்துலயா? உனக்கென்ன பைத்தியமா?" "நான் அத்தனை பேருக்கும் முன்னாடி கேட்டுப்போட்டுத்தான் வாரனுங்க." என்னை நிமிர்ந்து பார்க்கிறார், ஆளை அடையாளம் தெரியாதவர்போல. பிறகு பையிலிருந்து போனை எடுக்கிறார், ஏனென்று தெரியவில்லை, எடுத்துவிட்டார். மணி போகிறது. "சொல்லுங்க மாப்ள, ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?" அண்ணன் எப்போதும் கத்தித்தான் பேசுவார், எனக்கே நன்றாகக் கேட்கிறது. அவர் போனை மறு காதுக்கு மாற்றுகிறார். "வரவேண்டாம் மச்சான்." "ஏன் மாப்ள, என்ன ஆச்சு?" அவர் என் பக்கம் திரும்புகிறார், ஏதாவது சொல்லிக்கொடு என்கிறமாதிரி. என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லட்டும். நான் சொல்லமாட்டேன்.